பாலாறு வரைக்கும் கேரண்டி

டிரெய்லரின் பின்கதவைத் திறந்தபோது உள்ளே குதிரை இல்லை.

இருதயராஜ் கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தார். அப்போதும் இல்லை.

பள்ளிகொண்டா பஜாரில் பேண்டு வாத்தியக்காரர்கள் குழலை உதட்டில் வைத்தபடி காத்திருந்தார்கள். முகத்தில் பூச்சரம் தொங்க, மாப்பிள்ளை, பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கியும் விட்டார். அந்தக் காலை எங்கே வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"குதிரை எங்கப்பா?" என்றார் பெண்ணின் தாய்மாமன்.

"வேலூர்ல ஏத்தினேன் பாய்."

"ஏத்தினது சரி. இங்க இன்னா எறங்குது?"

இறக்குவதற்கு இருந்தது கொஞ்சம் வைக்கோலும், குதிரை போகிற போக்கில் விட்டுப்போன லத்தியும்தான்.

நடந்தது இவ்வளவே. வழியில் பொய்கையில் டிரெய்லரை இழுத்துவந்த ஜீப்பை நிறுத்தி இருதயராஜும் அவர் மைத்துனன் ஏசுராஜும் டீ குடித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவின் கொக்கி கழன்று, கதவு சரிவுப் பலகையாகச் சாய்ந்து, குதிரை கலெக்டர் மாதிரி நிதானமாக இறங்கிப் போய்விட்டது. அந்தப் பக்கம் வந்த யாரோ ஒரு புண்ணியவான், கதவு திறந்து கிடக்கிறதே என்று பொறுப்பாகச் சாத்திவிட்டும் போயிருக்கிறார். நல்ல மனசு. நாலு பேருக்கு உதவுகிறவர்களால் இப்படித்தான் நடக்கும்.

மாப்பிள்ளை சைக்கிள் ரிக்ஷாவில் ஊர்வலம் போனார். இருதயராஜ் வேலூரில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது குதிரை கொள்ளுத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு," என்றாள் அவர் மனைவி டோரதி. "டிரெய்லர் இல்லாம விட்டா எவ்வளவு சுறுசுறுப்பா இருக்குது பாருங்க."

குதிரையின் பெயர் துரை. தலை முதல் வால் வரை வெள்ளை. கறுப்பாக இருந்தது கண்கள் மட்டும்தான். வெள்ளைக்காரத் துரை மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பேருக்கேற்ற நடையும் இருந்தது; அவசரம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. எண்பத்து மூன்றாம் வருஷம் அது. ஆட்டோக்கள் வந்து ஜட்காக்களை ஸ்டேஷன் வாசலிலிருந்து நெட்டித் தள்ளியபோது, இருதயராஜ் வண்டியை விறகுக்குப் போட்டுவிட்டுக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டார். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் மண்டிக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையில்தான் வரவேண்டும். வெள்ளைக் குதிரைக்கு மவுசு ஜாஸ்தி.

மற்ற குதிரைக்காரர்கள் முதல் நாளே குதிரையை ரோட்டோடு நடத்திக்கொண்டு போவார்கள். போய்ச் சேரும்போது குதிரை மாப்பிள்ளையைவிடக் களைத்திருக்கும். லாரிப் புழுதியில் வெள்ளைக் குதிரை காக்கிக் குதிரையாகியிருக்கும். துரை அப்படிப் போகக்கூடாது, குளித்த மேனியாக இறங்க வேண்டும் என்பது இருதயராஜின் யோசனை. யோசனையில் தப்பில்லை. அதைக் காட்பாடி அருணகிரியிடம் போய்ச் சொன்னதுதான் தப்பு.

அருணகிரி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஏலச் சாமான் வியாபாரம் செய்தவர். ஆஸ்பத்திரிக் கட்டில், பஸ் சீட்டு, ஓடாத மோட்டார் எல்லாவற்றுக்கும் நடுவில், பெங்களூர்ப் பக்கம் யாரோ பந்தயக் குதிரை ஏற்றிக்கொண்டு போன டிரெய்லர் ஒன்றும் நின்றுகொண்டிருந்தது.

"ஆறு மாசம் கேரண்டி," என்றார் அருணகிரி, அதன் முதுகில் தட்டி. தட்டிய இடத்தில் பெயிண்ட் உதிர்ந்தது. "என் வாய்ல வந்தா அது கவர்மெண்டு முத்திரை மாதிரி."

பள்ளிகொண்டா சம்பவத்துக்கு மறுநாள் அந்த முத்திரையைத் தேடிக்கொண்டு இருதயராஜ் காட்பாடிக்குப் போனார்.

"கொக்கி கழண்டுச்சுய்யா."

"எப்ப கழண்டுச்சு? ஓடறப்பவா, நிக்கறப்பவா?"

"நிக்கறப்ப. டீ குடிச்சிட்டு இருந்தோம்."

"அப்ப கேரண்டில வராது," என்றார் அருணகிரி வருத்தமாக. "நான் குடுத்தது ஓடற வண்டிக்கு. நின்ன எடத்துல கழண்டா நீ டீக்கடைக்காரனைத்தான் கேக்கணும்."

இருதயராஜ் திரும்பி வந்தார். ஏசுராஜ் ஒரு டேனரியில் தோல் சுற்றுகிற டிரம்மில் வேலை பார்த்தவன். அங்கே கழித்துப் போட்ட தாழ்ப்பாள் ஒன்றைக் கொண்டுவந்து கதவில் பொருத்தினான்.

"டிரம்முக்குப் போடறது மாமா. உள்ள எருமைத்தோல் ஒரு டன் சுத்தினாலும் அசையாது."

அவன் சொன்னது சத்தியமான வார்த்தை. கணியம்பாடியில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குப் போனபோது அது அசையவே இல்லை. ஏசுராஜ் தொங்கிப் பார்த்தான். மாப்பிள்ளையின் தோழர்கள் உதைத்துப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து துரையும் தன் பங்குக்கு உதைத்தது. பக்கவாட்டு ஜன்னல் வழியே தலையை மட்டும் நீட்டி, நாதஸ்வரக்காரரின் சீவாளியை மோந்து பார்த்தது.

"நல்ல நேரம் போய்ட்டு இருக்குதுய்யா," என்று பெண் வீட்டார் கத்தினார்கள்.

கடைசியில் மாப்பிள்ளையை டிரெய்லரின் கூரைமேல் உட்கார வைத்து, ஜீப்பை மெதுவாக ஓட்டி ஊர்வலத்தை முடித்தார்கள். குதிரை மேல்தான் மாப்பிள்ளை இருந்தார் என்று இருதயராஜ் பிற்பாடு வாதாடினார். நடுவில் ஒரு தகரம், அவ்வளவுதானே? பெண் வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை.

வேலூரில் ஒரு வெல்டர் கேஸ் நெருப்பால் தாழ்ப்பாளை அறுத்துத் துரையை விடுவித்தார். அறுத்த பொறி விழுந்து தரைப்பலகை பாதி கருகிப்போயிற்று. மறுபடி காட்பாடி.

"கதவு தொறக்கலன்னா கதவு உறுதியா இருக்குதுன்னு அர்த்தம்," என்றார் அருணகிரி. "அதுக்கு நீ எனக்கு நன்றி சொல்லணும்."

"பலகை எரிஞ்சு போச்சுய்யா."

"நீ வெளி ஆளை வெச்சு கை வெச்சுட்ட. வெளிக்கை பட்டா கேரண்டி இல்ல. அதுவும் இல்லாம, வண்டி வித்தது காட்பாடில. பாலாறு வரைக்கும்தான் என் பொறுப்பு. பாலத்தைத் தாண்டிட்டா கேரண்டி கெடையாது."

"என் வீடே பாலாத்துக்கு அந்தாண்டதானேய்யா!"

"அது உன் கஷ்டம். நானா உன்னை அங்க குடி வெச்சேன்?"

இருதயராஜ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கட்டில் வாங்க வந்த ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கட்டில் வாங்காமலேயே போனதும் அருணகிரி இறங்கி வந்தார். கேரண்டிக்காக இல்லை, பழக்கத்துக்காக என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் புதுத் தரைப்பலகை போட்டுத் தந்தார். புதுசு என்றால், ஜெர்மனியிலிருந்து டேனரிக்கு மெஷின் வந்த பெட்டியை உடைத்த பலகை. அதன்மேல் பெரிய எழுத்தில் இங்கிலீஷில், உடையும் பொருள், ஜாக்கிரதை என்று அச்சடித்திருந்தது.

"அது உள்ள இருந்த மெஷினுக்கு எழுதினது," என்றார் அருணகிரி. "பலகைக்கு இல்ல."

இதற்குள் இருதயராஜின் புகழ் பாலாற்றின் இரு கரையிலும் பரவிவிட்டது. யாராவது சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால், "இன்னா, இருதயராஜ் குதிரைல வர்றியா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. யாரும் குதிரை கேட்டு வரவில்லை. துரை தின்று தின்று கொழுத்தது.

டோரதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். குரலை உயர்த்தாமலே வார்டை அடக்கிய பெண்மணி. ஒரு நாள் சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ராணிப்பேட்டைல ஒரு ஃபேக்டரில கேட் வாட்ச்மேன் வேலை காலியா இருக்குது. சொல்லி வெச்சிருக்கேன். குடியாத்தத்துல எண்ணெய்க்காரர் ஒருத்தர் துரையை வண்டிக்குக் கேக்கறாரு."

"எண்ணெய் வண்டிக்கா? துரையையா?"

"இன்னும் ஒரு கல்யாணம் பாக்கறேன். அதுக்கும் போய்ச் சேரலைன்னா துரை குடியாத்தம், நீங்க ராணிப்பேட்டை."

இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. காக்கிச் சட்டையும் கையில் விசிலுமாகத் தன்னையும், எண்ணெய் டின்களை இழுக்கிற துரையையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தார். துரையை நினைத்தபோதுதான் கண் கலங்கிற்று.

ஒரு கல்யாணமாவது வருமா என்று அவர் மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ரஷீத் அஹமது. ஆம்பூரில் பெரிய டேனரி வைத்திருக்கும் ஹாஜி அப்துல் கஃபாரின் ஒரே மகன். அவருக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளையே குதிரை பேச வந்திருக்கிறார்!

"வாணியம்பாடில குதிரைக்காரர் இருக்கறப்ப அவரை விட்டுட்டா எங்கிட்ட வந்தீங்க தம்பி?" இருதயராஜுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அவரு நடத்திக் கொண்டாருவாரு அண்ணே. அது பழைய காலம். எனக்கு டிரெய்லர்ல வந்து எறங்கணும். ஊரே பாக்கணும்."

பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு வண்டி வாகனம் என்றால் தனி ஆசை. ரஷீத் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பள்ளிகொண்டாவில் என்ன நடந்தது, கணியம்பாடியில் என்ன நடந்தது என்று விவரமாகக் கேட்டார். இருதயராஜ் தலைகுனிந்து ஒன்று விடாமல் சொன்னார். ரஷீத் முகம் சுளிக்கவே இல்லை. குனிந்து தரைப்பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அது முனகியது.

"இது தாங்குமா?"

"தாங்கும் தம்பி. வேணும்னா முந்தின நாளே ஆம்பூர் வந்து உங்க டேனரி ஓரமா கட்டி வெச்சுடறேன்."

"அய்யய்யோ, அதெல்லாம் வேணாம்!" என்றார் ரஷீத். "அன்னைக்கே வாங்க. குதிரை களைப்பில்லாம இருக்கணும். வண்டில எதையும் புதுசா மாத்தாதீங்க, இப்படியே இருக்கட்டும். அழகா இருக்குது."

அந்த டிரெய்லரை அழகு என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். இருதயராஜ் தோளில் கிடந்த துண்டால் டிரெய்லரை ஒரு தடவை துடைத்துவிட்டார்.

"எதுக்கும் இன்னொரு குதிரை சொல்லி வெச்சிருக்கீங்களா தம்பி?"

"இல்ல அண்ணே. உங்க ஒருத்தர் மேலதான் நம்பிக்கை."

கார் போனதும் இருதயராஜ் உள்ளே ஓடினார். "கேட்டியா டோரதி? என் மேல நம்பிக்கைன்றாரு!"

"பாவம், நல்ல பையன்," என்றாள் டோரதி.

இந்தத் தடவை எதையும் விடக்கூடாது என்று இருதயராஜ் முடிவு செய்தார். பங்கு சாமியாரை அழைத்து டிரெய்லரை மந்திரிக்கச் சொன்னார். சாமியார் தெளித்த தீர்த்தம் தரைப்பலகை இடுக்கு வழியே அப்படியே ரோட்டுக்கு இறங்கிற்று. எதிர் ஒர்க்ஷாப் மெக்கானிக் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். லாடம் அடிக்கிற பாய் துஆ ஓதினார். அருணகிரி தராத கேரண்டியை மூன்று மார்க்கத்திலும் வாங்கியாயிற்று.

கல்யாண நாளன்று விடிந்ததும் கிளம்பினார்கள். துரை குளித்து, நெற்றியில் ஜிகினாப் பட்டம் கட்டி, முகத்தில் சலிப்போடு நின்றிருந்தது. ஏசுராஜ் ஜீப்பை ஓட்டினான். இருதயராஜ் பக்கத்தில் உட்காரவில்லை. பின்பக்கம் ஏறி, டிரெய்லரைப் பார்த்தபடி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். பொய்கையில் டீ குடிக்கவில்லை. பள்ளிகொண்டாவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மாதனூர் கடந்ததும் மாலையை மடக்கிப் பையில் வைத்தார். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

படார் என்று சத்தம் கேட்டது.

"மாமா, இன்னா அது?"

ஜெர்மன் பலகை. எழுதியிருந்தபடியே நடந்துகொண்டது. தரை மொத்தமும் பெயர்ந்து ரோட்டில் விழுந்திருந்தது. இருதயராஜ் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். துரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன்னங்கால் இரண்டும் அச்சுக்கு முன்னால், பின்னங்கால் இரண்டும் அச்சுக்குப் பின்னால், தார் ரோட்டில் ஊன்றி, டிரெய்லரைப் பாவாடை மாதிரி கட்டிக்கொண்டு நின்றிருந்தது.

"எறக்கி நடத்திக்கினு போய்டலாம்," என்றான் ஏசுராஜ்.

ஆனால் தரை போனதில் சட்டம் வளைந்து கதவு கவ்விக்கொண்டுவிட்டது. திறக்காத கதவு, இல்லாத தரை. ஓடுகிறபோது உடைந்தது, வெளிக்கை படாதது; அருணகிரியின் நியாயப்படியே இது கேரண்டியில் வரும் என்று இருதயராஜுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு பாலாறு ஞாபகம் வந்தது.

ராணிப்பேட்டை கேட்டும் ஞாபகம் வந்தது.

"ஏசு, ஜீப்பை எடு. நடக்கற வேகத்துல போ."

"மாமா!"

"எடுடா. அது நடக்கட்டும்."

ஏசுராஜ் எடுத்தான். ஜீப் ஊர்ந்தது, டிரெய்லர் உருண்டது, அதற்குள் துரை நடந்தது. ஏற்றிக்கொண்டு போகிற குதிரையே நடந்துபோகிற காட்சியை அந்த ரோடு அதுவரை கண்டதில்லை. வெளியே தெரிந்தது நாலு வெள்ளைக் கால்களும் ஜன்னலில் ஒரு தலையும்தான். லாரிக்காரர்கள் ஓரம் கட்டிப் பார்த்தார்கள். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த டேனரி ஆட்கள் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணே, ஜீப் இழுக்குதா, குதிரை தள்ளுதா?"

"ரெண்டும் பேசி வெச்சிருக்குது, வழி விடுப்பா!" என்றார் இருதயராஜ்.

ஜட்கா காலத்துக்குப் பிறகு துரை இவ்வளவு நடந்ததில்லை. நடுநடுவே அது நின்றால் ஜீப்பும் நிற்க வேண்டும். இருதயராஜ் இறங்கி ஜன்னலண்டை போய், "தொரை, எண்ணெய் வண்டி தொரை, எண்ணெய் வண்டி," என்று காதில் சொல்லுவார். மறுபடி நடக்கும். பாதி வழியில் ஜீப்பின் என்ஜின் கொதித்துப் புகைந்தது. சைக்கிள் ஆட்கள் ரோட்டோரக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். துரை தனக்கும் ஒரு பக்கெட் கேட்டு வாங்கிக் குடித்தது.

ஆம்பூருக்குள் நுழைந்தபோது சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஜனங்கள் பள்ளிவாசலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் வீட்டு வாசலில் பந்தல், பேண்டு, உறவுக் கூட்டம். ஓரத்தில் பூ ஜோடித்த கார் ஒன்று என்ஜின் ஓடியபடி தயாராக நின்றது. ஹாஜியார் முகம் தொங்கிப்போய், "சரி, கார்லயே போலாம்," என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூச்சரத்துக்குள் ரஷீத், காரின் கதவில் கை வைத்துவிட்டார்.

"வந்துட்டேன் ஹாஜியார்!" என்று கத்தியபடி இருதயராஜ் ஓடிவந்தார். "குதிரை வந்துடுச்சு!"

கூட்டம் ஆரவாரித்தது. டேனரி ஆட்கள் கடப்பாரை போட்டுக் கதவை நெம்பினார்கள். துரை பின்பக்கமாக, சேற்றில் கால் வைக்க யோசிக்கிற மாமியார் மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து அச்சைத் தாண்டி, ஜிகினாப் பட்டத்தோடு வெளியே வந்தது. ஹாஜியார் இருதயராஜை இறுகக் கட்டிக்கொண்டார்.

"என் பாட்டனார் குதிரைல போனாரு, எங்க அப்பா போனாரு, நான் போனேன். என் பையன் கார்ல போறதானு மனசு வெந்துட்டு இருந்தது. காப்பாத்திட்டீங்க! இனிமே எங்க ஜமாத்துல எந்தக் கல்யாணம்னாலும் உங்க குதிரைதான்."

இருதயராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. டோரதி இதைக் கேட்க இங்கே இல்லையே என்று இருந்தது.

ரஷீத் கார்க் கதவை இன்னும் விடவில்லை. உறவுக்காரர்கள்தான் விரல் விரலாக எடுத்துவிட்டார்கள். அவர் இருதயராஜின் கையைப் பற்றினார். அந்தக் கை ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது.

"எப்படி அண்ணே வந்தீங்க?" என்றார். "பலகை... பலகை ஒடையலியா?"

"ஒடைஞ்சுது தம்பி. ஆனா வாக்குன்னா வாக்கு. என் மேல நம்பிக்கை வெச்சீங்களே!"

ரஷீத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாலு பேர் அவரைத் தூக்கித் துரையின் மேல் வைத்துவிட்டார்கள். பேண்டு முழங்கியது. துரை ஒரு தடவை கனைத்தது. ரஷீத் கண்ணை இறுக மூடி, முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பூச்சரத்துக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது.

"பாருங்க, பாருங்க," என்று ஹாஜியார் எல்லாருக்கும் காட்டினார். "குதிரை மேல எவ்வளவு பாசம்!"

இருதயராஜும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படியில் நின்ற மாப்பிள்ளையின் அக்கா அஃப்ஸர் ஜஹான் அவர் கையில் ஒரு தம்ளர் சர்பத்தைக் கொடுத்தாள்.

"தம்பி அழறதைப் பாத்து எனக்கே அழுகை வருதும்மா," என்றார் இருதயராஜ். "எவ்வளவோ குதிரைக்காரங்க இருக்கறப்ப, என் மேல மட்டும் எப்படித்தான் அவ்வளவு நம்பிக்கை வந்துச்சோ!"

அஃப்ஸர் ஜஹான் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு, அப்பா காதில் விழாமல் மெதுவாகச் சொன்னாள்:

"குதிரைன்னா அவனுக்குச் சின்னதுலேருந்தே உயிர் போற பயம் அண்ணே, அப்பாகிட்ட சொல்ல தைரியம் இல்ல. அதான், கல்யாணத்துக்கு வந்தே சேராத குதிரை எது, எதுன்னு ஜில்லா பூரா விசாரிச்சு உங்களைப் புடிச்சான்."